மண்ணுக்குள் ஒரு குலுக்கை: பழைய புல் திரும்பி வருமா?

கேள்வி: "ஐயா, நாகமலை அடிவாரத்தில் 3 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. பல வருடமாகச் சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஜேசிபி வைத்து வேரோடு எடுத்துவிட்டோம். அப்பா காலத்தில் அங்கே ஊசிப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் நிறைய இருக்கும். அதே புல் மறுபடி வரும் என்று நம்பித்தான் செலவு செய்தோம். ஆனால் வந்தது வேறு. ஆள் உயரத்துக்கு வளர்கிறது. பூனைவால் மாதிரி இளஞ்சிவப்பாகக் கதிர் விடுகிறது. தை மாதத்தில் பஞ்சு போலக் காற்றில் பறக்கிறது. மாசியில் சருகாகிவிடுகிறது. போன வருடம் அதில் தீப்பிடித்து வைக்கோல் படப்பு வரை வந்துவிட்டது. புல் இல்லாத இடமெல்லாம் பார்த்தீனியம். 25 செம்மறியும் 2 மாடும் வைத்துக்கொண்டு தீவனம் விலைக்கு வாங்குகிறேன். பழைய புல்லின் விதை மண்ணுக்குள் இருக்கும், பொறுத்திரு என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் மருந்தடித்துக் கொன்றுவிட்டுப் புதிதாக விதை என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?"
— வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: இரண்டு யோசனையையும் இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டும். மண்ணுக்குள் என்ன விதை இருக்கிறது என்று தெரியாமல் பொறுத்திருப்பதும் சூதாட்டம், மருந்தடிப்பதும் சூதாட்டம். அதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. நாலைந்து பிளாஸ்டிக் தொட்டியும் இரண்டு மாதப் பொறுமையும் போதும். அந்த முறைக்குப் போகும் முன், நிலத்தில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம்.

விதை வங்கி என்றால் என்ன?

வீட்டுக் குலுக்கையில் தானியம் இருப்பது போல ஒவ்வொரு நிலத்தின் மேல்மண்ணிலும் உயிருள்ள விதைகள் கிடக்கின்றன. சில விதைகள் சென்ற மாதம் விழுந்தவை, சில பல வருடம் பழையவை. மழை, வெளிச்சம், வெப்பம் மூன்றும் கூடி வரும்போது அவற்றில் ஒரு பகுதி முளைக்கும், மீதி உறங்கும். இதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் மண் விதை வங்கி என்கிறார்கள்.

சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. ஒரு சிறு குளத்தின் ஓரத்திலிருந்து மூன்று கரண்டிச் சேற்றை எடுத்து மூடி வைத்து, முளைக்கும் செடிகளை ஆறு மாதம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். உலர்ந்த நிலையில் 200 கிராம்கூடத் தேறாத அந்தச் சேற்றில் முளைத்த செடிகள் 537.

விதை எத்தனை காலம் உறங்கும் என்பதற்கும் ஒரு பழைய சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண்மைக் கல்லூரியில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879-இல் பல வகைக் களை விதைகளை மணலோடு கலந்து 20 பாட்டில்களில் போட்டுப் புதைத்தார். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்கிறார்கள். 2021-இல் எடுத்த பாட்டிலிலும், அதாவது 142 ஆண்டுகள் கழித்தும், ஒரு காட்டுச் செடியின் விதைகள் முளைத்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை எப்போதோ செத்துவிட்டன.

கேள்விக்கான விடையில் பாதி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. எல்லா விதைக்கும் ஒரே ஆயுள் கிடையாது. மேய்ச்சல் நிலத்தில் நாம் விரும்பும் பல்லாண்டுப் புற்களின் விதைகள் பெரும்பாலும் குறைந்த ஆயுள் கொண்டவை. ஊசிப்புல் விதை மண்ணில் ஓரிரு வருடத்துக்கு மேல் தாங்குவது அபூர்வம். கொழுக்கட்டைப்புல் விதையில் பெரும்பகுதி இரண்டு வருடத்துக்குள் முளைத்துவிடும் அல்லது செத்துவிடும். மிஞ்சுபவை நான்கு வருடம் வரை போகும். பார்த்தீனியமோ ஒரே செடியில் 15,000 முதல் 25,000 விதை வரை உதிர்க்கக்கூடியது. மண்ணுக்குள் புதைந்த அந்த விதைகள் பல வருடம் உயிரோடு இருக்கும். சீமைக் கருவேல் விதைக்குத் தோல் கெட்டி. ஆட்டின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தாலும் சாகாது.

எது வேண்டுமோ அது மண்ணில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. எது வேண்டாமோ அது காத்துக் கிடக்கிறது. கருவேலின் நிழலில் பல வருடம் ஊசிப்புல் கதிர் விடாமல் இருந்திருந்தால் அதன் விதைக் கையிருப்பு அப்போதே தீர்ந்திருக்கும். ஜேசிபி வந்தபோது மண்ணுக்குள் மிச்சம் இருந்தது களைகளின் பங்கு மட்டுமாக இருக்கலாம்.

நல்லவற்றிலும் நீண்ட ஆயுள் கொண்டவை உண்டு என்பது ஒரு ஆறுதல். கொழிஞ்சி, நரிப்பயறு போன்ற பயறு இனங்களின் விதைத்தோல் கடினமானது. நல்ல மழைக்கு அவை தானாக எழுந்து வருவதைக் கரம்பில் பலரும் பார்த்திருப்பார்கள்.

வந்தேறிப் புல் குலுக்கையை எப்படிக் காலி செய்கிறது?

கடிதத்தில் சொல்லியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது தீனாநாத் புல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். கதிரோடு ஒரு தூரைப் பிடுங்கி, ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியில் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. ஆப்பிரிக்க வெப்ப மண்டலப் புல் இது. தீவனத்துக்காக விதைக்கப்பட்டுப் பல இடங்களில் வேலி தாண்டியது. ஆண்டுப் புல் என்பதால் ஒவ்வொரு வருடமும் விதையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் விதையை அள்ளிக் கொட்டுகிறது. சாலையோரம், கால்வாய்க் கரை, புதிதாகக் கிளறிய மண் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள்.

இப்படி ஒரு புல் நுழைந்ததும் நான்கு வழியில் பழைய கையிருப்பு கரைகிறது.

முதலாவது, நிழல். பல புல் விதைகளுக்கு முளைக்க வெளிச்சமும், பகல் இரவு வெப்ப ஏற்ற இறக்கமும் வேண்டும். ஆள் உயரப் புல்லும் அதன் கனமான சருகும் இரண்டையும் தடுக்கின்றன. முளைத்துவிட்ட சிறு கன்றும் வெளிச்சம் இல்லாமல் வெளிறிச் சாகிறது.

இரண்டாவது, வரவு நின்றுபோவது. பழைய புல் ஒன்றிரண்டு தூர் தப்பிப் பிழைத்திருந்தாலும் நெருக்கத்தில் கதிர் விடாது. புது விதை விழாத வங்கியில் செலவு மட்டும் நடக்கிறது. முளைப்பது, அழுகுவது, எறும்பு இழுத்துப் போவது என்று ஒவ்வொரு வருடமும் கையிருப்பு குறையும்.

மூன்றாவது, தீ. நாட்டுப் புல் திட்டுத் திட்டாக நிற்கும். நடுவே வெற்று மண் இருப்பதால் தீ வந்தாலும் தாவ முடியாமல் அணையும். உயரமான வந்தேறிப் புல் இடைவெளி விடாமல் நிற்பதால் தீ உயரமாக, நீண்ட நேரம், அதிகச் சூட்டோடு எரியும். மண்ணின் மேலே கிடக்கும் விதைகள் வெந்துபோகின்றன. ஊசிப்புல் மட்டும் கொஞ்சம் தப்பும். அதன் வால் ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்து, காய்ந்தால் முறுக்கேறி, திருகாணி போல விதையை மண்ணுக்குள் இறக்கிவிடும். ஆனால் உயிர்த் தூர்களையே தீ கொன்றுவிட்டால் அடுத்த வருடத்துக்கு விதை போட ஆள் இல்லை. வெறுமையான இடத்தில் முதல் மழைக்கு முந்திக்கொண்டு முளைப்பது வந்தேறிதான். அது மறுபடி காய்கிறது, மறுபடி எரிகிறது. இந்தச் சுழல் இரண்டு மூன்று முறை சுற்றினால் நிலம் கைமாறிவிடும்.

நான்காவது, இயந்திரம். உயிருள்ள விதைகளில் பெரும்பகுதி மேல் 5 சென்டிமீட்டர் மண்ணில்தான் இருக்கும். ஜேசிபி வேரைப் பெயர்க்கும்போது மேல்மண் அடியில் போய் அடிமண் மேலே வருகிறது. ஒரு சாண் ஆழத்தில் புதைந்த சிறு புல் விதைக்கு முளைத்து மேலே வரச் சக்தி போதாது. உழுது கிளறிய மண் பார்த்தீனியத்துக்கும் காற்றில் வரும் தீனாநாத் விதைக்கும் விரித்து வைத்த பாயாகிறது.

இங்கே வரம், அங்கே தொல்லை

வெளியிலிருந்து வந்த எல்லாப் புல்லும் கெட்டது, நம் புல்லெல்லாம் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. நம் கொழுக்கட்டைப்புல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா வரை இயல்பாக வளர்வது. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் வெள்வேல் மர நிழலில் இந்தப் புல்தான் காங்கேயம் மாட்டையும் மயிலம்பாடி ஆட்டையும் வளர்க்கிறது. அங்கே அது வரம்.

இதே புல்லை 1930-களில் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை, மண் அரிப்பைத் தடுக்கவும் தீவனத்துக்கும் என்று அரிசோனாப் பகுதிக்குக் கொண்டுபோனது. சொனோரா பாலைவனத்துச் செடிகள் தீயைப் பார்த்துப் பழகியவை அல்ல. கள்ளிகளுக்கு நடுவே இருந்த வெற்று மண்ணைப் புல் மூடியது. இன்று நூறு வயதைத் தாண்டும் பெரிய கள்ளிகள் புல்தீக்குப் பலியாகாமல் காப்பாற்ற, தொண்டர்கள் மலை ஏறிக் கொழுக்கட்டைப்புல்லைப் பிடுங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதியிலும் இதே கதை. அங்கே இந்தப் புல் முதலில் ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த பஞ்சணையாக வந்து இறங்கியது. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்து சுமார் 100 பேர் மாண்டபோது, கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் மண்டிக் காய்ந்து கிடந்த கினியாப்புல் போன்ற வெளிநாட்டுப் புற்கள் தீ வேகமாகப் பரவ உதவின.

ஆக, ஒரு புல்லை எடை போடும்போது பெயரைப் பார்த்துப் பயனில்லை. அந்த இடத்தில் அதை மேய ஆள் இருக்கிறதா, தீயைத் தாங்கும் அயல் செடிகள் இருக்கின்றனவா, விதைக்கு முன் அறுக்கக் கை இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மரத்தை எடுத்தால் மட்டும் போதுமா?

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்ற உத்தரவிட்டபோது தென் மாவட்டங்களில் பல கண்மாய்களிலும் தரிசுகளிலும் இயந்திரங்கள் இறங்கின. 2022-இல் தமிழ்நாடு அரசு, அந்நியத் தாவரங்களை அகற்றுவதோடு இயற்கைச் சூழலை மீட்பதையும் சேர்த்து ஒரு கொள்கை வெளியிட்டது. அந்தப் பின்பாதி முக்கியமானது. வெற்றிடம் வெற்றிடமாக இருக்காது.

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ள பன்னி புல்வெளி இதற்கு ஒரு பாடம். 1961 முதல் அங்கே வனத்துறை சீமைக் கருவேலை நட்டது. அது புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கியது. பின்னாளில் மரத்தை அகற்றிய திட்டுகளில் மழைக்குப் பிறகு நாட்டுப் புற்கள் திரும்பி வந்தன. அங்கே அது நடந்ததற்கு, அக்கம்பக்கத்தில் கதிர் விடும் புல்வெளி மிச்சம் இருந்ததும் ஒரு காரணம். நாகமலை அடிவாரத்தில் ஒரு பக்கம் சாலையும் மனையிடங்களும் நெருங்கிவிட்டன. காற்று கொண்டுவரும் விதை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நிலத்துக்காரர்தான் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொட்டிச் சோதனை

இதைச் செய்ய ஏற்ற காலம் வைகாசி, ஆனி. புதிதாக உதிர்ந்த கொழுக்கட்டை விதைக்குச் சில மாத உறக்கம் உண்டு. கோடையைத் தாண்டிய பிறகே நன்றாக முளைக்கும். தை மாதம் மண் எடுத்துப் பார்த்துவிட்டு விதையே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

வாய் அகலம் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு தகர டப்பா எடுத்துக்கொள்ள வேண்டும். நிலத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து 20 இடங்களில், 5 சென்டிமீட்டர் ஆழம் வரை டப்பாவை அழுத்தி மண் எடுக்க வேண்டும். மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம், தீப்பிடித்த இடத்தில் கொஞ்சம். கல், வேர், சருகை நீக்கிவிட்டு ஒன்றாகக் கலக்க வேண்டும்.

அடியில் துளையிட்ட நான்கைந்து அகலத் தொட்டிகளில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் இந்த மண்ணை 2 சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டும் பரப்ப வேண்டும். கூடவே ஒரு தொட்டியில் வாணலியில் நன்றாக வறுத்த மணலை மட்டும் வைக்க வேண்டும். அதில் முளைப்பவை காற்றில் வந்து விழுந்தவை. அவற்றைக் கணக்கில் கழித்துவிடலாம். கோழியும் ஆடும் எட்டாத, அரை நிழல் உள்ள இடத்தில் வைத்துப் பூவாளியால் தினமும் ஈரம் காக்க வேண்டும்.

முளைப்பவற்றை அடையாளம் தெரியும் வரை வளரவிட்டு, எண்ணிக் குறித்துக்கொண்டு பிடுங்க வேண்டும். தெரியாத கன்றைத் தனிக் குவளையில் நட்டு வளர்த்தால் கதிர் விடும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஆறு வாரம் கழித்து மண்ணை ஒருமுறை கிளறிவிட்டு இன்னும் மூன்று நான்கு வாரம் பார்த்தால் போதும்.

கணக்கு எளிது. 10 சென்டிமீட்டர் டப்பா 20 என்றால் மொத்தப் பரப்பு 0.157 சதுர மீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டரில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எட்டு ஊசிப்புல் கன்று முளைத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 விதை, ஏக்கருக்கு ஏறக்குறைய 2 லட்சம். அப்படி வந்தால் விதை வாங்கத் தேவையில்லை, வந்தேறியை அடக்கினாலே பழைய புல் எழும். ஒன்றுகூட வராவிட்டால் எத்தனை வருடம் காத்திருந்தாலும் பயன் இல்லை. வெளியிலிருந்து விதை கொண்டுவந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவே வந்தால், மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மட்டும் விதைத்து அதிலிருந்து பரவவிடலாம்.

வேலைத் திட்டம்

*அறுப்பு.* தீனாநாத் இளம் பருவத்தில் நல்ல தீவனம். எதிரியை ஆட்டுக்கே போடலாம். கதிர் கண்ணில் படும் முன், புரட்டாசியிலிருந்து ஒரு கண் வைத்து, தொண்டைக் கதிர்ப் பருவத்திலேயே அறுத்துவிட வேண்டும். அறுத்த தூர் மறுபடி தழைத்துக் குட்டையாகக் கதிர் விடப் பார்க்கும். அதையும் விடக் கூடாது. ஒரே வருடம் அறுத்துவிட்டு நிறுத்தினால் உழைப்பு வீண். இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து விதை விழாமல் தடுத்தால் புது முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கதிர் முற்றிய புல்லை மட்டும் தீவனமாகக் கட்டி வேறு நிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

*பார்த்தீனியம்.* பூக்கும் முன், ஈரம் இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். தோல் அரிப்பு உள்ளவர்களை இந்த வேலையில் இறக்கக் கூடாது. ஆழ உழுதால் புதைந்து கிடக்கும் விதைகள் மேலே வரும். எனவே இந்த நிலத்தில் ஆழ உழவு வேண்டாம்.

*மருந்து.* களைக்கொல்லி பச்சையாக நிற்கும் செடியைத்தான் கொல்லும். கிளைபோசேட் மண்ணைத் தொட்டதும் செயலிழந்துவிடும். உறங்கும் விதையை அது ஒன்றும் செய்யாது. தப்பிப் பிழைத்த நாட்டுப் புல் தூரையும் சேர்த்துக் கொன்றுவிடும். மேலும் 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாக மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தியது.

*விதைப்பு.* கொழுக்கட்டைப்புல்லுக்கு ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ விதை போதும். ஒரு வருடம் வைத்திருந்த விதை புது விதையைவிட நன்றாக முளைக்கும். மழைக்கு முன் மேலாகக் கீறிவிட்டு, விதையை மணலோடு கலந்து தூவி, முள் கிளையை இழுத்துவிட்டால் போதும். ஆழம் கூடாது. ஊசிப்புல் விதை கடையில் கிடைக்காது. கார்த்திகை முதல் தை வரை, இன்னும் நல்ல புல் மிச்சம் இருக்கும் வரப்பு, கோயில் நிலம், கரடு இவற்றில் உரியவர் அனுமதியோடு கதிரை உருவி வைத்துக்கொள்ளலாம். நரிப்பயறும் கொஞ்சம் கலந்தால் மண்ணுக்கும் ஆட்டுக்கும் நல்லது.

*மேய்ச்சல்.* 3 ஏக்கரையும் மூன்று பாகமாக்கி, ஒவ்வொரு வருடமும் ஒரு பாகத்தை மழை தொடங்கியது முதல் கதிர் உதிரும் வரை மேய்க்காமல் விட வேண்டும். அந்த ஒரு பாகம்தான் அடுத்த வருடத்துக்கான வரவு. ஊசிப்புல் கதிர் முற்றிய காலத்தில் செம்மறியை அதில் விட்டால் ஊசி வாயையும் தோலையும் குத்தும். அதன் இளம் பருவத்தில் மேய்க்கலாம், உதிர்ந்த பிறகு மேய்க்கலாம். ஆட்டுக்குக் கருவேல் நெற்று தின்னக் கொடுத்தால் புழுக்கையோடு விதை நிலத்துக்கு வந்துவிடும். நெற்றை இடித்து விதை உடைந்த பிறகே போட வேண்டும்.

*தீ.* சருகை எரித்துச் சுத்தம் செய்யும் வழக்கத்தை இந்த நிலத்தில் கைவிட வேண்டும். தை பிறந்ததும் வேலியோரமும் படப்பைச் சுற்றியும் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெற்று மண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வருடம் பார்க்க ஒன்றும் மாறியது போலத் தெரியாது. அறுப்புக் கூலியும் தீவனச் செலவும் இருக்கும். அறுத்த தீனாநாத் அந்தச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கும். மூன்றாவது வருட வைகாசியில் மறுபடி 20 டப்பா மண் எடுத்துத் தொட்டியில் போட்டுப் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் வரவு கூடுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: "கண்மாயிலிருந்து கரம்பை மண் அடித்தோம். பயிர் நன்றாக வந்தது. ஆனால் இதுவரை பார்க்காத களையெல்லாம் வருகிறதே, ஏன்?"
— வாசகர், செக்கானூரணி

பதில்: கண்மாய் என்பது நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் விதைச் சேமிப்புக் கிடங்கு. ஓடைநீரில் வரும் விதையெல்லாம் வண்டலோடு அங்கேதான் படிகிறது. மேலே சொன்ன மூன்று கரண்டிச் சேற்றை நினைத்துப் பார்த்தால், டிராக்டர் டிராக்டராக அடிக்கும் கரம்பையோடு எவ்வளவு விதை வரும் என்பது புரியும். கரம்பை அடிப்பதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. களையோ கருவேலோ மண்டிய மேல் அடுக்கை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழுள்ள வண்டலை எடுக்க வேண்டும். வயலில் பரப்பியதும் முதல் மழைக்கோ ஒரு பாசனத்துக்கோ களையை முளைக்கவிட்டு, மேலாக ஒரு உழவு ஓட்டி அழித்த பிறகு விதைத்தால் பெரும்பகுதி போய்விடும். மேய்ச்சல் தரிசில் மட்டும் கரம்பை அடிப்பதைத் தவிர்க்கலாம். மெலிந்த மண்ணில் நாட்டுப் புல் தாக்குப்பிடிக்கும். மண் கொழுத்தால் வேகமாக வளரும் வந்தேறிதான் முந்தும்.

கேள்வி: "கிணற்றுப் பாசனத்தில் கோ ஜிஜி 3 கினியாப்புல் போடலாம் என்றிருக்கிறேன். அதுவும் பரவிவிடுமா?"
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: பாசன வயலில் ஒழுங்காக அறுத்தால் பயப்பட வேண்டியதில்லை. கரணை நட்ட 45-ஆம் நாளில் முதல் அறுப்பும், பிறகு 45 நாளுக்கு ஒருமுறையும் எடுத்தால் விதை முற்ற நேரமே கிடைக்காது. அறுக்காமல் விட்ட ஓரத்து வரிசைதான் ஆபத்து. வாய்க்கால் கரையிலும், ஓடையோரத்திலும், மலையடிவாரத்தை ஒட்டிய வேலியிலும் இதை நடக் கூடாது. புல்லை மாற்ற நினைக்கும்போது அப்படியே கைவிட்டுப் போகாமல் தூரைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். மானாவாரிக் கரடுக்குக் கினியா தேவையில்லை. அங்கே கொழுக்கட்டையே போதும்.

இந்த வைகாசியில் தொட்டிச் சோதனை செய்யும் வாசகர்கள், எத்தனை டப்பா மண், எந்தப் புல் எத்தனை கன்று என்று எழுதி அனுப்பினால், அவரவர் நிலத்துக்கு ஏற்ற யோசனை வரும் இதழ்களில் இடம்பெறும்.